பொட்டலத்தில் என் முகம்

சிறு வியாபாரிகளே, சரக்கு நன்றாக இருந்தால் தானாக விற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரக்கு தானாக விற்காது. முகம்தான் விற்கும். பல்பொடி டப்பாவைப் பாருங்கள். தலைவலித் தைலத்தைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரு மனிதர் கோட்டுப் போட்டுக்கொண்டு நம்மை முறைக்கிறார். அந்த முறைப்புக்குப் பயந்துதான் நாம் மடியிலிருந்து காசை எடுக்கிறோம்.

இந்த உண்மையை நான் கண்டுபிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. பத்தேகாலுக்கெல்லாம் முடிவு செய்துவிட்டேன். எங்கள் மீன் மசாலாப் பொட்டலத்திலும் ஒரு முகம் வேண்டும். அது என் முகமாக இருக்க வேண்டும்.

என் பெயர் ராமசுப்பு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் மளிகைக் கடை. கடை என் பேரில் இருக்கிறது, வேலை என் மனைவி இசக்கியம்மாள் பேரில் இருக்கிறது. மசாலாவை வறுப்பது அவள். இடிப்பது அவள். சலிப்பது, மடிப்பது, விற்பது எல்லாம் அவள். நான் யோசனை. ஒரு கடைக்கு ஒருவராவது யோசிக்க வேண்டாமா?

என் யோசனை ராயபுரம் முழுக்கப் பிரசித்தம். ரஷீது டீக்கடைக்குப் போர்டு வைத்தபோது, "படம் பெரிசா இருக்கட்டும்" என்று சொன்னது நான்தான். பெயிண்டர் வாளி அளவுக்கு ஒரு டீ கிளாஸ் வரைந்துவிட்டான். துறைமுகத்து ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, "போர்டுல கீற கிளாஸ்ல குடு நைனா" என்று ஒரு வாரம் தகராறு. எல்லப்பனின் முடிவெட்டும் சலூனில் 'இன்று போனால் வராது' என்று சிவப்பு எழுத்தில் எழுதச் சொன்னதும் நான்தான். அப்புறம் முன்மண்டை லேசாகத் தெரிகிற ஆசாமி ஒருவரும் அந்தப் பக்கமே வரவில்லை. அதனால் என்ன? போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று படித்தானா இல்லையா? அதுதானய்யா விளம்பரம்!

இசக்கி உலக்கையும் கையுமாக இருந்த நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"மீன் மசாலாவுக்கு மீன் படம் போட்டா ஆகாதா?" என்றாள்.

"மீன் மூஞ்சியைப் பார்த்தா யாருக்கு நம்பிக்கை வரும்?"

"மீன் வாங்குதவுகளுக்கு வரும்."

"போடி இவளே! முதலாளி முகம் வேணும். அப்பத்தான் ஜனங்களுக்கு ஒரு மரியாதை வரும்."

"இடிக்குதது நான்லா? அப்ப என் முகத்தைப் போடுங்க."

"பொம்பளை முகத்தைப் போட்டா வாசனைப் பவுடர்னு நினைச்சுருவாங்க இசக்கி. எவளாவது எடுத்து முகத்தில பூசிக்கிட்டா, எரியுதுன்னு வந்து நிப்பா. நீயா பதில் சொல்லுவே?"

உலக்கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மீசையில் வந்து பார்வை நின்றது. ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி உதட்டைக் கடித்தாள்.

"சரி, உங்க முகத்தையே போடுங்க" என்றாள்.

இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்னதே கிடையாது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். மீசையை முறுக்குவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "படம் நல்லாப் பெரிசா இருக்கணும். மீசை தெளிவாத் தெரியணும். மூக்குப் பக்கத்துல இருக்க மருவும் தெரியணும். யாரு எங்க வச்சுப் பார்த்தாலும் இவருதான்னு பளிச்சுனு சொல்லணும். அடியில ரெண்டே ரெண்டு வரி நான் எழுதித் தருதேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டின புருஷனின் மருவைக்கூட உலகத்துக்குக் காட்ட ஆசைப்படுகிற மனைவி எத்தனை பேருக்கு வாய்ப்பாள்?

இரவல் கோட்டு, இரவல் தலைப்பாகை, சொந்த மீசை. ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தாயிற்று. ஆசீர்வாதம் அச்சகத்தில் ஐயாயிரம் லேபிள். இரண்டு கலர். அதில் சிவப்பு மட்டும் கொஞ்சம் வழுக்கி என் உதட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. வெற்றிலை போட்ட ஜமீன்தார் மாதிரி இருந்தேன். அதுவும் ஒரு களைதான் என்று விட்டுவிட்டேன். அடியில் இசக்கி எழுதிக் கொடுத்த இரண்டு வரி எறும்பு எழுத்தில் ஊர்ந்தது. பொடி எழுத்தை எவனும் படிக்க மாட்டான் என்பது விளம்பரக் கலையில் என்னுடைய முதல் விதி. விதியை நான் மீறவில்லை. நானும் படிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு ரகசியம் சொல்லியாக வேண்டும். உங்களோடு இருக்கட்டும்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஆனதும் நான் பையை எடுத்துக்கொண்டு கொத்தவால் சாவடிக்கு மிளகாய் வாங்கப் போவேன். மிளகாய் வாங்கக் கால் மணி நேரம் ஆகும். மிச்சம் நாலு மணி நேரம் தங்கசாலைப் பக்கத்து டாக்கீஸில், ரஷீதுக்குப் பக்கத்தில், பெஞ்சு டிக்கெட்டில் கழியும். இடைவேளையில் முறுக்கும் கலர் சோடாவும். படம் விட்டதும் மிலிட்டரி ஓட்டலில் ஒரு தட்டுச் சுக்கா. அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் ஐயா மற்ற ஆறு நாளும் நான் உயிரோடு இருப்பது!

சனிக்கிழமைதான் துறைமுகத்திலும் மில்லிலும் வாரச் சம்பளம். கடையில் கூட்டம் நெரியும். "அன்னைக்கு ஒரு நாளாவது கூட நில்லுங்க" என்று இசக்கி வருஷக்கணக்காகச் சொல்கிறாள். "அப்ப மிளகாய் யார் வாங்குறது?" என்று நானும் வருஷக்கணக்காகக் கேட்கிறேன்.

லேபிள் ஒட்டின பொட்டலம் புதன்கிழமை வெளியே வந்தது. காசிமேட்டு மீன்காரி தேசம்மா கூடைக்கு இருபது பொட்டலம் எடுத்துப் போனாள். அவளும் இசக்கியும் வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். மீன் விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை டிராமில் ஏறினேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார். தன் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அதைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"நைனா, எந்த ஸ்டாப்புல எறங்குவே?"

"தங்கசாலை" என்றேன் பெருமையாக.

"இப்ப மணி இன்னா கீது?"

"ஒண்ணே முக்கால்."

அவர் அதை ஏதோ மந்திரம் மாதிரி வாய்க்குள் சொல்லிக்கொண்டார். டாக்கீஸ் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் மணி கேட்டான். முறுக்கு விற்கிறவன் மணி கேட்டான். முன்பின் தெரியாத ஒருவன் சந்து திரும்பி ஓடிவந்து மணி கேட்டுவிட்டு, வந்த வழியே ஓடினான். ரஷீதுக்குத் தாங்கவில்லை.

"இன்னா மாமு, ஊரே உன்னாண்ட மணி கேக்குது?"

"பேச்சுக் குடுக்க ஒரு சாக்கு, ரஷீது. புகழ்னா இதுதான்!"

பூரித்துப் போய் வீட்டுக்கு வந்தேன். இசக்கி படியில் நின்றிருந்தாள்.

"மிளகாய் கிடைச்சுதா?"

"ஏன் கேக்குறே? சாவடியில ஒரே கூட்டம். நிக்க எடமில்லை."

"உக்கார எடம் கிடைச்சுதே. மூணாவது பெஞ்சு, ஓரத்துல."

மிளகாய்ப் பையை மெல்லக் கீழே வைத்தேன்.

"இடைவேளையில ஆறு முறுக்கு. நீங்க நாலு, ரஷீது பாய்க்கு ரெண்டு. அம்மாக்காரி சாகுத எடத்துல துண்டால மூக்கைச் சிந்தினீங்களாம். ஆறு மணிக்குச் சுக்கா. வயித்துக்கு ஒத்துக்கிடுச்சா?"

"யா... யார் சொன்னது?"

ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "பொடி எழுத்துல ரெண்டு வரி இருக்கு. படிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

'இப்படத்தில் உள்ளவரைச் சனிக்கிழமை பிற்பகல் கடைக்கு வெளியில் எங்கு கண்டாலும், கண்ட இடத்தையும் நேரத்தையும் எங்கள் கடைக்கு வந்து சொல்பவருக்கு ஒரு பொட்டலம் இனாம்.'

அடிப்பாவி!

அந்த நேரம் பார்த்துத் தேசம்மா கூடையோடு வந்தாள். "அண்ணாத்தே, டாக்கீஸ்ல காலைத் தூக்கி முன் பெஞ்சு மேல வச்சுகினு குந்திகினு இருந்தியாமே? என் மச்சினன் பாத்துட்டான். பொட்லத்தை எடும்மா."

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே!" என்று கத்தினேன்.

"படிச்சாத்தான் தெரியுமா இன்னா? நான் காசிமேட்டுல ஒரு வார்த்தை சொன்னா, அது திருவொத்தியூர் வரைக்கும் தானா போவும்."

"ஓசியிலேயே கொடுத்தா கடை என்ன ஆகும் இசக்கி?"

"ஓசிக்கு வாங்கிட்டுப் போய்க் குழம்பு வச்சுப் பார்த்தவ, மறுநாள் நாலு பொட்டலம் வாங்குவா. நீங்கதான விளம்பரம் வேணும்னீங்க?"

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் விதிகள் அத்தனையையும் ஒரு தட்டில் வைத்தால்கூட அவளுடைய இந்த இரண்டு வரிக்கு ஈடாகாது. பத்து நாளில் ஐயாயிரம் லேபிளும் காலி. ஆனால் என் சனிக்கிழமை? அதை எப்படி விடுவது?

ரஷீதிடம் போய் அழுதேன்.

"மீசையை எடுத்துடு மாமு" என்றான் ரஷீது.

"டேய்! இது எங்கப்பா காலத்து மீசை."

"அப்ப சினிமாவை விட்டுடு."

யோசித்தேன். மீசை முளைக்கும். போன மாட்னி திரும்புமா?

அடுத்த சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் பையோடு கிளம்பி, நேரே எல்லப்பன் சலூனில் நுழைந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் என் கைவண்ணம்: 'இன்று போனால் வராது.' கண்ணை மூடிக்கொண்டேன். எல்லப்பன் கத்தியைத் தீட்டினான்.

"நெசமாவே எடுத்துடவா அண்ணாத்தே?"

"எடு. யாரிடமும் மூச்சு விடக்கூடாது."

"சேச்சே, நானா?"

கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்னை அறிமுகம் செய்து வைக்க வேண்டியிருந்தது. ரஷீது கடையின் உள்ளறையில் அரை மணி உட்கார்ந்து, இரண்டு டீ குடித்து, மனசைத் தேற்றிக்கொண்டு டிராம் ஏறினேன்.

அதே கண்டக்டர். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார். டாக்கீஸ் வாசலில் ஒருவனும் திரும்பவில்லை. முறுக்குக்காரன் கூரையைப் பார்த்துக்கொண்டு முறுக்கு விற்றான். நாலு மணி நேரம் ஒரு ஜீவனும் என்னிடம் மணி கேட்கவில்லை. அடடா, அந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன்! சுக்கா இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

துள்ளிக்கொண்டு கல்மண்டபம் திரும்பினால், எங்கள் கடை வாசலில் திருவிழாக் கூட்டம். கடைக் கதவில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கியது. கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது:

'அவசர அறிவிப்பு. படத்தில் உள்ளவருக்கு இன்று மத்தியானம் ஒரு மணி முதல் மீசை கிடையாது. மருவைப் பார்த்து அடையாளம் காணவும். பார்த்தவர்கள் பேச்சுக் கொடுக்க வேண்டாம். பாவம், நிம்மதியாகப் படம் பார்க்கட்டும்.'

அடியில் எல்லப்பன் உட்கார்ந்து பொட்டலத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். என் மீசை தரையில் விழுந்த மறு நிமிஷமே சலூனைச் சாத்திவிட்டு ஓடிவந்திருக்கிறான். நான் ரஷீது கடையில் டீ குடித்த அரை மணியில் சேதி எனக்கு முன்னால் டிராம் ஏறி டாக்கீஸுக்குப் போய்விட்டது. அவனுக்குப் பின்னால் வரிசையில் டிராம் கண்டக்டர், முறுக்குக்காரன். கடைசியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓர் ஆள். துண்டை இழுத்தேன். ரஷீது!

"நீயுமாடா?"

"கோச்சுக்காத மாமு. போன வாரமும் உனக்கு முன்னாடி ஓடியாந்து நான்தான் சொன்னேன். என் பொஞ்சாதி ஜன்னத்து என்னை வூட்டுக்குள்ள வுட மாட்டேன்னுட்டா. பொட்லத்தோட வந்தாத்தான் கொழம்புன்னுட்டா. நான் இன்னா பண்ணுவேன்?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இசக்கியைப் பிடித்து நாலு வார்த்தை கேட்பதற்காக உள்ளே பாய்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. ஒரு கையில் தராசு, மறு கையில் பொட்டலம், வாயில் கட்டுகிற நூல். நாலா பக்கமும், "எனக்கு நாலு", "எனக்கு ஆறு" என்று கைகள் நீண்டன. நெற்றி வேர்வையை முழங்கையால் துடைக்கப் பார்த்தாள். துடைக்க நேரமில்லை. எத்தனை சனிக்கிழமை இப்படித் தனியாக நின்றிருப்பாள்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தராசை வாங்கிக்கொண்டேன். அவள் ஒரு நிமிஷம் என் மொட்டை உதட்டைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நூலை என் கையில் கொடுத்தாள். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் நிமிரவேயில்லை. சுக்காவும் சினிமாவும் தராத ஒரு குஷி அந்த நெரிசலில் எனக்கு வந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. இவ்வளவு கூட்டமும் என் முகத்துக்காக அல்லவா வந்திருக்கிறது!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் முன்னே வந்தாள். எண்ணூரிலிருந்து வருகிறாளாம். பொட்டலத்தை நீட்டி, படத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இதுல கீறாரே, அந்த மொதலாளி எங்கம்மா? இன்னா மீசை, இன்னா களை! ஒரு தபா நேர்ல பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

நான் மார்பை நிமிர்த்தினேன். தொண்டையைக் கனைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"இது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் இசக்கி முந்திக்கொண்டாள்.

"முதலாளி வெளியே போயிருக்காக. இது இன்னைக்குப் புதுசா வேலைக்குச் சேர்ந்த ஆளு."