சுபவேகாவின் பிரிவுபசாரக் கட்டணம்

மனித நாகரிகம் தொட்ட சிகரங்களில் ஆக உயர்ந்தது, பெங்களூரு சுபவேகா ஃபைபர்நெட் நிறுவனத்தின் ‘முன்கூட்டிய விலகல் கட்டணம்’தான். வருகிற வாடிக்கையாளரிடம் யார் வேண்டுமானாலும் காசு வாங்கலாம். போகிறவனிடமும் வாங்க மேதைமை வேண்டும்.

ஆஸ்டின் டவுனிலிருந்து பொம்மனஹள்ளிக்கு வீடு மாறியபோது, இணைப்பையும் அங்கே மாற்றித் தரக் கேட்டேன். ‘அப்பகுதியில் எங்கள் கேபிள் இல்லை’ என்று பணிவோடு எழுதினார்கள். சரி, முடித்துவிடுங்கள் என்றேன். முடித்தார்கள். ‘வாடிக்கையாளர் தாமாக விரும்பி விலகியதால்’ 4,720 ரூபாய் கட்டச் சொல்லி பில்லும் வந்தது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். ரக்ஷா என்ற பெண் பேசினாள்.

“டிஸ்ப்யூட் பண்றதுன்னா ஆப்லதான் சார் பண்ணணும்.”

“ஆப் திறக்கவே மாட்டேங்குதும்மா.”

“ஆக்டிவ் கஸ்டமருக்குத்தான் சார் திறக்கும்.”

“அப்ப கனெக்‌ஷன் குடுங்க.”

“உங்க ஏரியால கேபிள் இல்லையே சார்!”

என்ன தெளிவு! பதினொரு மின்னஞ்சல்கள் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே நிமிடத்தில், ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று பதில் வந்தது. மூன்றாம் மாதம் விவகாரம் வசூல் ஏஜென்சியிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர்கள் பரந்த மனசுக்காரர்கள். என்னோடு நிற்காமல் என் மேனேஜருக்கும் வீட்டு ஓனர் ஜகதாம்பாளுக்கும் போன் செய்தார்கள். அந்த அம்மாள் மாடியேறி வந்து, “ஏன்பா, பத்து மாச அட்வான்ஸ் குடுத்தியே, அதுவும் கடன் வாங்கித்தானா?” என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் மனைவி பிரபா எட்டு வருடம் சேர்த்து ஹொங்கசந்திராவில் ஒரு ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தாள். என் பெயர் ‘கட்டத் தவறியவர்’ பட்டியலில் ஏறியதால் நாங்கள் சேர்ந்து கேட்டிருந்த வீட்டுக்கடனை வங்கி நிறுத்தி வைத்தது. முப்பதாம் தேதிக்குள் கடன் வராவிட்டால் முன்பணம் போய்விடும்.

“நியாயம் உங்க பக்கம்தான், யாரு இல்லேன்னா? ஆனா ஃப்ளாட் பில்டர் பக்கம்ல இருக்கு?” என்றாள் பிரபா.

இருபத்தெட்டாம் தேதி ஏஜென்சியின் ஆள் நேரிலேயே வந்தான். பெயர் உத்தமன். ஒல்லியான பையன். பதினொரு மின்னஞ்சல்களையும் காட்டினேன். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தான்.

“உங்க மேல தப்பே இல்ல சார்.”

இத்தனை மாதத்தில் அவர்கள் தரப்பிலிருந்து இதைச் சொன்ன முதல் மனிதன் அவன்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அதையே எழுதிக் குடுங்க தம்பி.”

“எழுதினா என் பாக்கி தீராது சார்.”

“உங்க பாக்கியா?”

“நான் விவேக் நகர்ல ரூம் காலி பண்ணப்ப எனக்கும் இதே பில்தான் போட்டாங்க. வேலை இல்ல, கட்ட முடியல. வசூலுக்கு வந்தவருதான் இந்த வேலையில சேத்துவுட்டாரு. மாசாமாசம் சம்பளத்துல புடிச்சுக்கறாங்க. வட்டி ஓடிக்கிட்டே இருக்கு சார்.”

கட்டினேன். ஃப்ளாட்டுக்காகக் கட்டினேன். ‘வாடிக்கையாளர் தவறை உணர்ந்து செலுத்தியது’ என்று ரசீது வந்தது.

சுபவேகாவுக்குக் கேபிள் இழுக்கத் தெரியாது என்று யாரும் இனி குறை சொல்லக் கூடாது. பறிகொடுத்தவனையே சம்பளத்துக்கு வைத்து, அடுத்தவனிடம் பறிக்க அனுப்பத் தெரிந்திருக்கிறதே! ஊரில் மற்ற திருடர்கள், பாவம், இன்னும் தாங்களேதான் சுவரேறிக் குதித்துக்கொண்டிருக்கிறார்கள்.