கார்டு மிஷின் வைத்தியர்

கார்டு மிஷின் வைத்தியரை உங்களுக்குத் தெரியும். எந்த வங்கியும் அவரை வேலைக்கு வைத்ததில்லை. ஆனாலும் எந்தக் கடையில் கார்டு எவ்வளவு வேகத்தில் போகும், ஏன் போகும், போகாவிட்டால் யாரைத் திட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. செருப்புக் கடையில் வைஃபை, அதனால் பறக்கும்; மருந்துக் கடையில் பழைய டெலிபோன் லைன், அதனால் ஊரும்; சலூனில் மிஷினே கிழடு. எல்லாம் பாதி உண்மைதான். அதுதான் வம்பே. முழுப்பொய் என்றால் "போய்யா" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாமே!

நேற்று சூப்பர் மார்க்கெட்டில் எனக்கு முன்னால் ஒரு அம்மாள், அவருக்கு முன்னால் வைத்தியர். அம்மாளின் கையில் ஒரு டப்பா ஐஸ்கிரீம். மகளுக்குத் தொண்டையில் ஆபரேஷன், வேறு எதுவும் இறங்கவில்லை, வீட்டில் பசியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று வரிசைக்கே சொல்லிவிட்டார். வைத்தியர் கார்டைச் சொருகினார். பிறகு? வாயைத் திறந்தார்.

"என்னம்மா, உங்க மிஷின் இவ்வளவு ஸ்லோவா இருக்கு?"

"சார், அது வந்து..." என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

"நீ இரும்மா, நான் சொல்றேன். இது சிம் கார்டுல ஓடுது. இவ்வளவு கனமா சுவர் கட்டினா சிக்னல் எப்படி வரும்?"

மிஷினைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினார். தலைக்கு மேல் பிடித்தார். குழந்தைக்கு ஏப்பம் வரவைப்பது போல முதுகில் தட்டினார். பக்கத்துக் கடை மிஷினின் சுறுசுறுப்பை எடுத்துச் சொல்லி இதற்கு ரோஷம் வரவழைக்கப் பார்த்தார். டப்பா அம்மாளின் செருப்பில் சொட்ட ஆரம்பித்தது.

"ஐயா, கொஞ்சம் சீக்கிரம், உருகுது."

"என்கிட்ட சொல்லி என்னம்மா பிரயோஜனம்? பேங்க்காரன்கிட்ட சொல்லுங்க!"

கல்லாப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், சிக்னல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க ரகசிய நம்பரை அழுத்தணும். அதுக்குத்தான் அது அப்போலேருந்து காத்துட்டிருக்கு."

வரிசை சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். மனிதர் அசர வேண்டுமே! "நல்ல மிஷினா இருந்தா அதை வாய்விட்டுக் கேட்டிருக்கும்" என்று விரலை நீட்டினார். அதற்குள் மிஷின் காத்திருந்து அலுத்துப்போய் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து.

அம்மாள் டப்பாவை ஆட்டிப் பார்த்தார். உள்ளே சளசளவென்றது. ஓடிப்போய் வேறு டப்பா எடுத்து வந்து, தன் முறை வந்ததும் கார்டைச் சொருகினார். போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"எங்க போயிட்டே? பொண்ணு அழறா!"

"நான் என்னங்க பண்றது? இந்தக் கடையில மிஷின் ரொம்ப ஸ்லோ. முக்குக் கடையில வச்ச உடனே போயிடும். இங்க என்னன்னா, சுவர் கனமாம், சிக்னல்..."

கல்லாப் பெண் என்னைப் பார்த்தாள். மிஷின் அம்மாளின் நம்பருக்காகக் காத்திருந்தது. இரண்டாவது டப்பாவும் சொட்டத் தொடங்கியது. ஐயோ பாவம், அந்தக் குழந்தை!

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். வைஃபை, டெலிபோன் லைன், கிழட்டு மிஷின் எதுவுமே தாமதத்துக்கு உண்மையான காரணம் இல்லை என்று என்னைத் திருத்த நடுவில் வாயெடுத்தீர்களே, அது சும்மா ஒரு பொதுநலம். அது சரி, இப்போது எந்தக் கடை வரிசையில் நின்று இதைப் படிக்கிறீர்கள்? பின்னால் இருப்பவர்கள் முறைக்கிறார்கள். நம்பரை அழுத்துங்கள், ஐயா!