நடுமாடிக்காரனின் புதன்கிழமை

ஓல்டன்,
புதன்கிழமை.

என்றும் மதிப்புக்குரிய எல்ஸ்பெத் அக்காவுக்கு, தம்பி எர்வின் அன்புடன் எழுதுவது.

நான் நலம். தூன் ஏரிக் காற்றில் உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் மனைவி வ்ரேனி வழக்கம்போல உங்களை மிகவும் விசாரித்தாள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய பேரிக்காய் ரொட்டியைப் பற்றி இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறாள். முழங்கால் சிகிச்சைக்காக வெந்நீர் ஊற்று ஊருக்குப் போயிருக்கும் அவள், மூன்று வாரம் முடிந்து வரும் சனிக்கிழமை வீடு திரும்புகிறாள். அதற்குள் நான் உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்.

ஓய்வு பெற்றபின் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். செய்வது தெரிகிறது, அதற்குப் பெயர்தான் தெரியவில்லை. எங்கள் கட்டடத்தில் மூன்று வீடுகள். மேலே திருமதி கீகாக்ஸ், கீழே முன்னாள் டிக்கெட் பரிசோதகர் சூர்பூகன், நடுவில் நாங்கள். அவர்கள் இருவரும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அதனால் ஒருவர் சொல்வதை மற்றவரிடம் கொண்டுபோவது நடுமாடியின் வேலை ஆயிற்று. திருமதி கீகாக்ஸ் என்னைத் தூதர் என்கிறார். சூர்பூகன் தபால்காரர் என்கிறார். கட்டட நிர்வாகி எழுத்துமூலம் 'தொடர்பாளர்' என்கிறார். வ்ரேனி எடுபிடி என்கிறாள். எது சரி என்று அகராதியை எடுத்துப் பார்த்தேன். தூதருக்கு மாளிகை உண்டு, தரகருக்குக் கமிஷன் உண்டு, ஆட்ட நடுவருக்கு விசிலாவது உண்டு. மத்தியஸ்தர் என்றால் இரு தரப்பும் மதிக்க வேண்டுமாம். ஒன்றுமே இல்லாமல் மாடிப்படி ஏறி இறங்குபவனுக்கு அகராதியில் இடமில்லை. இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் இருப்பதைக்கூட பாலாடைக்கட்டி என்று மரியாதையாகப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

சண்டை சலவையறையைப் பற்றியது. வேறு எதைப் பற்றி இருக்கும்? செவ்வாய் மேல்வீட்டின் துவைக்கும் நாள், வியாழன் கீழ்வீட்டின் நாள், எங்களுக்குப் புதன். நம் ஜெர்மன் மொழியில் அதன் பெயரே நடுவாரம். நடுமாடிக்கு நடுவாரம் என்பது எவ்வளவு பொருத்தம்! அந்த நாளை வ்ரேனி பத்தொன்பது வருடமாகக் கட்டிக் காத்து வந்தாள். எங்கள் திருமண நாளை மறந்தபோது என்னை மன்னித்தவள், ஒரு முறை சலவையறைச் சாவியை அரைமணி நேரம் பக்கத்துக் கட்டடத்துக்காரருக்குக் கொடுத்ததை இன்னும் மன்னிக்கவில்லை.

திருமதி கீகாக்ஸ் துணி உலர்த்தும் இயந்திரத்தின் சல்லடையில் பஞ்சை அப்படியே விட்டுவிட்டுப் போவார். சூர்பூகன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார். "போய் அந்தம்மாகிட்ட சொல்லுங்க ஸ்ட்ராவ்மான், பன்னித் தொழுவத்துலகூட வாரம் ஒரு தடவ கூட்டுவாங்கன்னு!" என்பார். நான் மேலே போய், "உங்க உடம்பு எப்படி இருக்குன்னு சூர்பூகன் கேட்டார். அப்புறம், நேரம் கிடைச்சா சல்லடைய ஒரு பார்வை பாக்கச் சொன்னார்" என்பேன். அவர், "அந்தாளோட நீள உள்ளாடைய கொடியில பாத்தா பசிகூட எடுக்க மாட்டேங்குது, சொல்லிடுங்க" என்பார். நான் கீழே போய், "உங்க துணியெல்லாம் எவ்வளவு வெள்ளையா இருக்குன்னு வியந்தாங்க" என்பேன். இதைப் பொய் என்று நினைக்காதீர்கள். நான் செய்யாத தாமதத்துக்கெல்லாம் நாற்பது வருடம் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவித்தவன். பதப்படுத்திச் சொல்வது எனக்குத் தொழில்.

வ்ரேனி ஊருக்குப் போன இரண்டாவது புதன்கிழமை காலை, கூடையோடு சலவையறைக்குப் போனால், உள்ளே இருவரும் இருக்கிறார்கள். ஒரே பெஞ்சில். நடுவில் ஒரு ப்ளம் பணியாரத் தட்டு. கொடியில் அந்த நீள உள்ளாடை, அதன் பக்கத்தில் திருமதி கீகாக்ஸின் இரவு உடை.

"வாங்க தூதரே," என்றார் திருமதி கீகாக்ஸ். "இனிமே ஒரே நாள்ல துவைக்கலாம்னு இருக்கோம்."

"ரொம்ப நல்லது. செவ்வாயா, வியாழனா?"

"அவர் என் நாளுக்கு வந்தா அவருக்குத் தோல்வி, நான் அவர் நாளுக்குப் போனா எனக்கு. நடுவுல சந்திக்கிறதுதானே நியாயம்?"

"நடுவுல இருக்கிறது என் நாள், அம்மா."

"நீங்கதான் விட்டுக்கொடுக்கிற ஆளாச்சே!" என்றார் சூர்பூகன், பெருந்தன்மையோடு.

அக்கா, எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. புதனைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் உண்மையைச் சொன்னேன். "இவர் உங்க உடம்ப ஒரு நாளும் விசாரிக்கல. பன்னித் தொழுவம்னாரு!" அடுத்து அந்தப் பக்கம் திரும்பி உள்ளாடை விஷயத்தையும் சொன்னேன்.

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இவர் கத்துறது என் வீடு வரைக்கும் கேக்கும், ஸ்ட்ராவ்மான்," என்றார் திருமதி கீகாக்ஸ். "அத நீங்க என்ன பண்ணி எடுத்துட்டு வர்றீங்கன்னு பாக்கத்தான் கதவையே திறப்பேன்." சூர்பூகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசி ஒரு வருஷமா நான் அதுக்காகவே சத்தமா திட்டுனேன்!"

நிர்வாகியிடம் முறையிட்டேன். எல்லாருக்கும் நியாயமான ஒரு நடுவழியைக் கண்டுபிடித்து மறுநாளே அட்டவணையைத் திருத்தி ஒட்டினார். அதன்படி நாங்கள் செவ்வாய் பிற்பகல் துவைக்கலாம், வியாழன் முற்பகல் உலர்த்தலாம். நடுவில் உள்ள நேரம் முழுவதும் ஈரப் படுக்கை விரிப்புகள் எங்கள் வரவேற்பறையில் தொங்குகின்றன. இந்தக் கடிதத்தை அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காகிதம் சற்று நமுத்திருந்தால் கண்ணீர் என்று எண்ண வேண்டாம்.

ஆகவே அக்கா, ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனி எவருக்கும் இடையில் நிற்க மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம், முகத்துக்கு நேராக, உள்ளது உள்ளபடி சொல்வேன். புதன்கிழமை போன செய்தியையும் சனிக்கிழமை வ்ரேனியிடம் நானே சொல்லப்போகிறேன். உங்களை எந்த உதவிக்கும் கூப்பிடவில்லை.

உங்கள் மூட்டுகளுக்கு நிம்மதியும் உங்கள் ஜெரேனியச் செடிகளுக்கு நல்ல வெயிலும் கிடைக்கட்டும்.

என்றும் தங்கள் தம்பி,
எர்வின்

பின்குறிப்பு: உள்ளது உள்ளபடி என்று எழுதிவிட்டதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பதினொரு வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் வ்ரேனி உங்களை விசாரித்ததாக எழுதியது நானாகச் சேர்த்தது. பேரிக்காய் ரொட்டியைப் பற்றி அவள் இன்னும் பேசுவது மட்டும் உண்மை. என்ன பேசுகிறாள் என்பதைத்தான் எழுதவில்லை. அது காலணிக்கு அடிப்பாகம் தைக்க ஆகும் என்றாள். இதைப் படித்ததும் அவளிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து அடக்கிக்கொள்ளாதீர்கள். சிகிச்சை விடுதியின் தொலைபேசி எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கேட்டு முடித்ததும், சனிக்கிழமைக்கு முன்னால், புதன்கிழமை போய்விட்டதையும் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் பதமாக.