போர்ட்டபிள் பொட்டியும் ஐந்து மட்டக்குதிரைகளும்

எனக்கு ஒரு யோசனை வந்தால், அதில் முதலில் அடிபடுவது என் தாய்மாமன் மகன் மாரியாகத்தான் இருக்கும். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமை இருக்கிறது.)

இந்த யோசனை வந்தது கொடைக்கானல் மலையில் இருக்கும் வடகவுஞ்சியில், ஒரு கல்யாண வீட்டில். மாரி புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் நான் கிட்டாரோடு. மேலே தகரக் கூரை, அதன்மேல் மழை, பின்பக்கம் ஜெனரேட்டர். இரண்டாவது வரிசையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பூண்டு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்:

“ஏன் மதினி, அந்தத் தம்பி குழல் ஊதுதா, இல்ல குளிருக்குக் கையை ஊதிக்கிட்டு இருக்கா?”

அந்த நொடியில்தான் பொறி தட்டியது. ஆம்ப்ளிஃபயர்!

வெறும் கல்யாண வீட்டு மானம் என்றால் விட்டிருப்பேன். மாரிக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கொடைக்கானலில் அவன் வேலை பார்க்கும் சாக்லேட் கடைக்கு எதிரே ஒரு ஆஸ்பத்திரி. அங்கே நர்ஸாக இருக்கும் கவிதாவும் அவனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். கவிதாவின் ஊர் வெள்ளகவி. ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். அவளுடைய அப்பா சின்னச்சாமி ஐந்து மட்டக்குதிரைகள் வைத்து, அரிசியிலிருந்து சிமெண்ட் வரை அந்த ஊருக்கு இறக்குகிறவர். பெண் கேட்டுப் போனபோது அவர் வாயே திறக்கவில்லை. திறந்ததெல்லாம் அவருடைய அக்கா பேச்சியம்மாள்தான்.

“பையன் என்ன சோலி பாக்குறான்?”

“சாக்லேட் கடையில இருக்கான்ங்க. புல்லாங்குழலும் நல்லா வாசிப்பான்” என்றேன் நான்.

“ஊதுறவனா? ஊதுனா அடுப்பு எரியும். அரிசிக்கு எங்க போவான்?”

கவிதா விடவில்லை. “ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க அத்தை” என்றாள். ஊர்ச் சாமி கும்பிடு அன்றைக்கு மாரி வந்து வாசிப்பது, அதைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வது என்று ஏற்பாடாயிற்று. சிக்கல் என்னவென்றால், மாரியின் வாசிப்பு இதுவரை முதல் வரிசையைத் தாண்டியதில்லை. காதில் விழுந்தால்தானே பிடிப்பதற்கு?

“மச்சான், நீ வாசிக்கிறத மட்டும் பாரு. மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றேன். (நான் இப்படிச் சொன்னால் எங்கள் அம்மா கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்.)

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். ஒலியைப் பற்றி ஒரு பேப்பர் முழுக்க எழுதித் தேறியவன். வாரக்கணக்கில் யூடியூபில் ஆம்ப் விமர்சனங்கள் பார்த்தேன். எலெக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்ப் சத்தத்தைக் கொஞ்சம் கரகரப்பாக்கித் தரும். அந்த வாத்தியத்துக்கு அதுதான் அழகு. குழலுக்கும் மரக் கிட்டாருக்கும் அது ஆகாது. உள்ளே போனது அப்படியே வெளியே வர வேண்டும், பெரிதாக மட்டும். கூட்டி வைத்தாலும் பிசிறு தட்டக் கூடாது. பேட்டரியில் ஓட வேண்டும். தூக்கிக்கொண்டு நடக்க முடிய வேண்டும். கொள்கையில் நான் சரியாகத்தான் இருந்தேன், மதுரைக் கடைக்குள் நுழையும் வரை.

அங்கே தோள்பை அளவில் அடக்கமாக ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் என் இடுப்பு உயரத்துக்கு இன்னொன்று நின்றது. இழுக்கிற கைப்பிடி, அடியில் சக்கரம், அட்டையிலேயே ‘போர்ட்டபிள்’ என்று கொட்டை எழுத்து. கடைக்காரர் ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. (கொடைக்கானல் மலையில் டைல்ஸ் போட்ட காட்டுப்பாதை எங்கே இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.) பெரிய பொட்டி என்றால் திணறாமல் பாடும், திணறாவிட்டால் சத்தம் சுத்தமாக இருக்கும் என்று எனக்கு நானே வகுப்பு எடுத்துக்கொண்டேன்.

“என்ன வாத்தியம் தம்பி?”

“புல்லாங்குழல்ங்க.”

“கொண்டாந்திருக்கீங்களா, போட்டுப் பாக்க?”

“இல்ல. விசிலடிச்சுப் பாத்துக்கிறேன்.”

மைக்கில் விசிலடித்தேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டில் போன ஆட்டோ ஒன்று தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நின்றது. “கிளீன்!” என்று தீர்ப்புச் சொல்லி வாங்கிவிட்டேன்.

வத்தலக்குண்டில் பஸ் மாறி மலையேறும்போது பொட்டி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தது, நான் நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர் வந்து இருவரையும் பார்த்தார். “உக்காந்திருக்கவர் டிக்கெட் எடுத்துட்டாரா?”

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் மாரி காத்திருந்தான்.

“என்ன மாப்ள, பீரோ வாங்கியிருக்க?”

“போர்ட்டபிள், மச்சான்.”

“யாருக்கு?”

சாமி கும்பிடு அன்றைக்கு விடிய வெள்ளனே கிளம்பினோம். என் கிட்டாரைக் கொண்டுபோகவில்லை. போர்ட்டபிளைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. வெள்ளகவிக்கு இறங்கும் பாதை முழுக்கக் கல்லும் வேரும். முதல் வளைவிலேயே ஒரு சக்கரம் எங்களைவிட ஆர்வமாக முன்னால் ஓடிப்போய்ச் சோலைக்குள் மறைந்தது. பிறகு நான் ஒரு பக்கம், மாரி ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். பின்னாலேயே சின்னச்சாமி குதிரைகளோடு வந்து சேர்ந்தார்.

“உள்ள என்ன கெடக்கு?” என்று என்னிடம் கேட்டார்.

“சத்தம்ங்க.”

“சத்தத்துக்கா இந்தக் கனம்?”

ஒரு குதிரையின் ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறுபக்கம் பொட்டி என்று கட்டினார். அந்தக் குதிரை ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையைப் பேச்சியம்மாளிடம் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

பொங்கல் வைத்து முடித்து, கோயில் முன்னால் ஊர் கூடியது. அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, நாங்களும் வெறுங்கால்தான். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு பேச்சியம்மாள். சற்றுத் தள்ளிக் குதிரைகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. ஏதோ ஒரு வீடியோவில் பொட்டியை வாசிப்பவருக்குப் பின்னால் வைத்திருந்ததைப் பார்த்திருந்தேன். நானும் மாரியின் முதுகுக்குப் பின்னால், மைக்கை நேராக முறைக்கிற மாதிரி நிறுத்தினேன். திறந்தவெளி, சத்தத்தை மலை தின்றுவிடும் என்று குமிழைக் கடைசிவரை திருகினேன்.

மாரி கண்ணை மூடினான். குழலை உதட்டில் வைத்தான். இன்னும் ஊதவில்லை. அதற்குள் பொட்டி ஊளையிட்டது.

பொட்டியின் சத்தம் மைக்குக்குள் போக, மைக்கிலிருந்து மறுபடி பொட்டிக்குள் போக, இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிட்டுக் கத்தின. எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது அந்த ஊளை. (ஒன்று சொல்லியாக வேண்டும்: மிகச் சுத்தமான ஊளை. பிசிறே இல்லை.)

ஐந்து குதிரைகளும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஐந்து திசையில் பறந்தன.

“ஏலே, புடிங்கலே! வெரசா போங்கலே!” என்று சின்னச்சாமி கத்தினார். சாமியைத் தவிர எல்லோரும் ஓடினார்கள். மாரி குழலை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஓடைப் பக்கம் பாய்ந்தான். நான் பதற்றத்தில் வேறு ஏதோ குமிழைத் திருக, ஊளை இப்போது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எதிரொலித்தது. கவிதாதான் வந்து மைக் வயரைப் பிடுங்கினாள்.

“அண்ணே, நீங்க எங்க பக்கமா, எங்க அத்தை பக்கமா?”

ஆளில்லாத கோயில் முன்னால் நின்றபோதுதான் நான் படித்த இயற்பியல் மெல்ல வந்து சேர்ந்தது. பொட்டியை மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து, ஓரமாக, கூட்டத்தைப் பார்த்துத் திருப்பினேன். குமிழைப் பாதிக்கும் கீழே வைத்தேன். எதிரொலியை மொத்தமாக எடுத்துவிட்டு, மைக் வயரை மறுபடி செருகினேன்.

குதிரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசிக் குதிரை மாரியோடு வந்தது. வேட்டி முழுக்க முள், முழங்காலில் சேறு. சின்னச்சாமி கயிற்றை வாங்கிக்கொண்டு, “தண்ணி குடிங்க” என்றார். அவர் மாரியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மாரி என் பக்கம் குனிந்தான். “இன்னொரு தடவை கத்துச்சுன்னா, குதிரைக்கு முன்னாடி நான் ஓடிருவேன் மாப்ள.”

கத்தவில்லை. குழல் குழலாகவே வந்தது. கூட்டத்தின் கடைசியில் மரத்தில் சாய்ந்து நின்றவர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். ஒரே ஒரு குறை: பொட்டி எதையும் மறைக்கவில்லை. மலையில் ஓடிவந்த மாரியின் மூச்சும் அதே சுத்தத்தோடு, அதே அளவு பெரிதாக வந்தது. இரண்டு வரிப் பாட்டு, ஒரு வரி ‘ஹஹ் ஹஹ்’. பிள்ளைகள் கூடச் சேர்ந்து மூச்சு வாங்கினார்கள். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. எல்லாம் போச்சு என்று அணைக்கக் கையை நீட்டினேன். பேச்சியம்மாள் என் கையைத் தட்டிவிட்டார்.

“கெடக்கட்டும் விடு. நம்ம குதிரைக்கு வாங்குற மூச்சுதான?”

வாசித்து முடித்ததும் மாரியை ஏற இறங்கப் பார்த்தார். “ஊத மட்டும் தெரிஞ்சவன்னு நெனச்சேன். ஓடவும் செய்றான்.” பிறகு தம்பியிடம் திரும்பினார். “ஏலே சின்னச்சாமி, தையில வச்சுக்கலாமா?”

“வச்சுக்கலாம்க்கா. ஆனா அன்னைக்குக் குதிரைகளத் தூரமா மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுத்தான் அந்தப் பொட்டிக்காரன ஊருக்குள்ள விடணும்.”

அந்தப் பொட்டி இன்னும் வெள்ளகவியில்தான் இருக்கிறது. அதைக் கண்டாலே குதிரைகள் காதை மடக்குகின்றன; மேலே தூக்கிவர மனிதர்களும் தயாரில்லை. கோயிலில் அறிவிப்புச் சொல்ல வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் நான் மிக்ஸி சுவிட்சைத் தொட்டால்கூட அம்மா, “குதிரையெல்லாம் கட்டியிருக்கான்னு பாத்துக்கடா” என்கிறார். சின்னச்சாமி பத்திரிகை கொடுக்கப் போகும் வீடுகளிலெல்லாம் பொட்டிக்காரன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் முகூர்த்த நேரத்தைச் சொல்கிறாராம்.

கல்யாணத்தில் குழலும் கிட்டாரும் கண்டிப்பாக வேண்டும் என்று கவிதா சொல்லிவிட்டாள். எனவே இந்த வாரம் மறுபடி மதுரை. இந்த முறை மாரியும் வருகிறான், குழலும் வருகிறது, என் கிட்டாரும் வருகிறது. எது வாங்கினாலும் அதை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறிக் காட்டிய பிறகுதான் ஒலியைக் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை அதை வெள்ளகவிக்குக் கொண்டுபோய், குதிரைகளுக்கு எதிரில் வைத்து ஒரு பாட்டு வாசித்துப் பார்க்கச் சின்னச்சாமி சம்மதித்திருக்கிறார். அவை புல்லிலிருந்து தலையைத் தூக்காவிட்டால் தேர்வு சரி என்று அர்த்தம். தூக்கினால் ஓட வேண்டியது நான்தான் என்று மாரி கறாராகச் சொல்லிவிட்டான். அதனால் நான்கு நாளாக வெள்ளனே எழுந்து, செருப்பில்லாமல், கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.