மூன்றாம் மாடிச் சேவலுக்கு நான் அனுப்பிய நோட்டீஸ்

அடுக்குமாடிக் குடியிருப்பின் மேனேஜர் என்றால் பாதி வக்கீல் என்று மனதார நம்பியவன் நான். மீதிப் பாதியை ரப்பர் ஸ்டாம்ப் பார்த்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. (ஸ்டாம்பைச் செய்யக் கொடுத்ததும் நான்தான்.)

பெடாஸ் டவுன் பக்கம் எங்கள் ஃபிளாட்டில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மூன்றாம் மாடி அஞ்சலை அக்கா முப்பது வருஷம் மரம் சீவியவர். அவர் வளர்த்த சேவலுக்கு ஃபிளாட் என்றும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை என்றும் தெரியாது. விடிகாலை நாலரைக்கு, வேலைக்கு ஆள் எழுப்பும் தோட்டத்து மண்டோர் மாதிரி கூவும்.

புகார் வந்தது. மாடியேறிப் போய் "அக்கா, யார்கிட்டயாவது கொடுத்திருங்க" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பாதி வக்கீல் சும்மா போய்ப் பேசுவானா? பழைய வக்கீல் நோட்டீஸ் ஒன்றைப் பார்த்து எழுதி, ஸ்டாம்ப் குத்தி அனுப்பினேன்: 'மேற்படி சேவலை ஏழு நாளில் அகற்றத் தவறினால் தாங்கள் சட்டப்படி வெளியேற்றப்படுவீர்கள்.' எந்தச் சட்டம்? எனக்கும் தெரியாது, சேவலுக்கும் தெரியாது.

ஆறாம் நாள், பெருமை தாங்காமல், கீழ்வீட்டு நிஜ வக்கீல் கவிதாவிடம் நகலைக் காட்டினேன்.

"அங்கிள், நீங்க எப்ப லாயர் ஆனீங்க?"

"ஆவலயேம்மா."

"அப்பறம் எப்படி லாயர் நோட்டீஸ் எழுதுறீங்க? அதுக்கு லைசென்ஸ் வேணும்லா. ஃபிளாட் ரூல்ஸ ஞாபகப்படுத்தலாம், அவ்ளோதான். வெளியேத்துவேன்னு சொல்ல நீங்க யாரு? மாட்டினா கோர்ட்டுதான்."

கோர்ட் என்றதும் எனக்குள் இருந்த பாதி வக்கீல் ராஜினாமா செய்தான். ஜெயிலில் காலைக்கு நாசி லெமாக் சோறு கிடைக்குமா, அங்கேயும் சேவல் இருக்குமா என்று யோசித்தபடியே மூன்று மாடியும் ஓடினேன், நோட்டீஸைத் திருப்பி வாங்கி விழுங்கிவிட.

கதவு திறந்திருந்தது. சாமி படங்கள் சுவரிலிருந்து இறங்கியிருந்தன. பாத்திரமெல்லாம் சாக்கில். ஒரு மூட்டைமேல் அக்கா உட்கார்ந்திருந்தார், மடியில் சேவலோடு.

"என்னாக்கா இது?"

"நாளையோட ஏழு நாளு தம்பி. மந்தின்ல மவ வீட்டுக்குப் போயிடறேன்."

"சேவலத்தானேக்கா அகற்றச் சொன்னேன்!"

"தோட்டத்துல மேனேஜர் கடுதாசி வந்தா வீட்ட காலி பண்ணணும். எங்கப்பாவுக்கு வந்துச்சி, மூணு நாள்ல போனோம். உள்ள என்னா எழுதியிருக்குன்னு யாரு படிச்சா?"

ஜெயில் மறந்துபோனது.

"அக்கா, இது உங்க பேர்ல இருக்கற வீடு. என்னால உங்க வாசல்ல இருக்கற செருப்பக்கூட காலி பண்ண முடியாது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீ என்னாத்துக்கு மேனேஜரு?"

நான் ஒரு சாக்கின் முடிச்சை அவிழ்க்கப் போனேன்.

"சரி, எழுதிக் கொடு," என்றார். கடுதாசியில் வந்ததைக் கடுதாசிதான் போக்க வேண்டுமாம். பேனாவைத் தொடவே பயமாக இருந்தது. 'மேற்படி' எதுவும் இல்லாமல் எழுதினேன்: 'அக்கா, நீங்க எங்கயும் போக வேணாம். தப்பு என்னுது.'

"ஸ்டாம்பு?" என்றார். மூன்று மாடி இறங்கி, எடுத்துவந்து குத்தினேன்.

அந்தக் கடுதாசி இப்போது முருகன் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. நான் வீட்டில் கொஞ்சம் குரல் உயர்த்தினால் போதும், என் மனைவி அக்கா குரலிலேயே கேட்பாள்: "அப்ப நீ என்னாத்துக்கு மேனேஜரு?"

வழக்கு எதுவும் வரவில்லை. மந்தினுக்குச் சேவல் போனது, அக்கா போகவில்லை.