சளி மருந்துக்குப் போட்ட பூட்டு

நன்னிலம்
12.11.2006

சிங்கப்பூரில் இருக்கும் என் அன்பு மச்சான் ஃபாஜில் அவர்களுக்கு, ஜஸீலா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் மாமியும் உங்கள் வாப்பாவும் நம் மகள் ஹுமைராவும் சுகம். சுகம் என்று எழுதும் அளவுக்கு இப்போதுதான் வந்திருக்கிறோம், அதனால்தான் பதில் பத்து நாள் தாமதம்.

உங்கள் ஆபீஸ் ஜாவா புரோகிராமில் ஒரே ஆர்டர் இரண்டு முறை ஏறிவிடுகிறது, எத்தனை திரெட் சேர்ந்து தொட்டாலும் கெடாத பட்டியலைத்தானே போட்டேன், எம்.சி.ஏ.வில் நீதானே முதல் மார்க், சொல்லு என்று கேட்டிருந்தீர்கள். அதே கோளாறு நம் வீட்டிலும் நடந்தது மச்சான், இங்கே திரெட், அதாவது ஒரே நேரத்தில் ஒரே வேலையில் கை வைப்பவர்கள், நானும் மாமியும். பிள்ளைக்குச் சளி மருந்து காலையில் ஒரு மூடி, இரவில் ஒரு மூடி. யார் கொடுத்தாலும் காலண்டரில் டிக் போடணும் என்று சொல்லியிருந்தேன். அன்று காலை மாமி பார்த்தார்கள், டிக் இல்லை. மருந்தைக் கொடுத்துவிட்டுப் பேனா தேடப் போனார்கள். அதற்குள் நான் பார்த்தேன், டிக் இல்லை, நானும் கொடுத்தேன். பிறகு ஆளுக்கொரு டிக் ஒழுங்காகப் போட்டோம். காலண்டர் கெடவில்லை, பிள்ளைதான் மதியம் லுஹருக்குத் தூங்கியவள் பொழுது சாய்ந்து மஃரிபு வரை எழும்பவில்லை. டாக்டர், “தூங்கட்டும், இனிமே கவனமா இருங்க” என்றார்.

உடனே பூட்டுப் போட்டேன். பாட்டில் பீரோவில், சாவி மாமியிடம். அளவு மூடி என்னிடம்.

“மூடியக் கொண்டா, மருந்து எடுக்குறேன்.”

“மருந்த எடுங்க மாமி, மூடி தர்றேன்.”

“பெரியவ கேக்குறேன்ல.”

படிச்சவ சொல்றேன்ல என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். இரவு இஷா தொழுகை தாண்டியும் இருவரும் அசையவில்லை, பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது. டெட்லாக் என்று பரீட்சைக்குப் படித்தேனே, அது இதுதான்.

இப்போது பாட்டில், மூடி, காலண்டர், பேனா எல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவில். டப்பாவை எடுத்தவர் பார்த்து, கொடுத்து, டிக் போட்டுவிட்டுத்தான் கீழே வைக்கணும். நீங்களும் ஆர்டர் இருக்கிறதா என்று பார்ப்பதையும் சேர்ப்பதையும் ஒரே பூட்டுக்குள் வையுங்கள். ஆறு நாளாக ஒரு தப்பும் இல்லை. பயந்துகொண்டு லீவு போட்டு வர வேண்டாம்.

உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஐந்து வேளையும் துஆச் செய்யும்,
ஜஸீலா

பி.கு.: வயலிலிருந்து வந்த உங்கள் வாப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். “எனக்கு எதுக்கும்மா டப்பா? நேத்து நான் தனியா ஒரு பாட்டில் வாங்கிட்டேன். பிள்ள இருமுறப்பல்லாம் கால் மூடி ஊத்துறேன்” என்றார்கள். உடனே பிள்ளையையும் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அந்தப் பாட்டிலை அவரே பிடுங்கி வைத்துக்கொண்டார், பிள்ளைக்கு ஒன்றுமில்லை. உங்கள் புரோகிராமிலும் டப்பாவைத் தொடாமலே ஊற்றும் வாப்பா யார் என்று பார்த்துவிட்டு, லீவு கேட்டு வாருங்கள்.