பாதி சந்தேஷ் போதும்

சர்க்கரை வியாதிக்காரர்களில் இனிப்பை விட்டவர், விடாதவர் என்று இரண்டு இனம்தான் உண்டு என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் கல்கத்தாவுக்கு வந்ததே இல்லை. இங்கே மூன்றாவது இனம் ஒன்று கொழித்து வளர்கிறது: பாதிக்காரர். நானும் அதில் ஓர் உறுப்பினன். ஆகவே மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

பாதிக்காரர் இனிப்பே சாப்பிடுவதில்லை. சந்தேஷ் என்னும் பால் இனிப்பை நடுவில் பிட்டு, "பாதி போதும்" என்பார். அதைத் தின்றதும், தட்டில் தனியாகக் கிடக்கும் மறுபாதியைப் பார்த்து மனம் இளகி, அதையும் பிட்டு அதில் பாதியை எடுப்பார். பேரீச்சை வெல்லத்தில் செய்தது என்றால் அது மருந்து என்பார். சோற்றில் ஒரு கைப்பிடியைக் குறைத்துவிட்டு, அந்தத் தியாகத்துக்காக நாலு பூரியைப் போட்டுக்கொள்வார். மாத்திரை எதற்கு இருக்கிறது?

எங்கள் தெருவின் தலைசிறந்த பாதிக்காரர் பரேஷ் லாஹிரி. வயது அறுபத்தேழு. இடது கால் பெருவிரலில் ஒரு புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. "சர்க்கரை இறங்கலேன்னா விரலை எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் தீப்தேந்து சொல்லிவிட்டார். மனைவி சுலேகா சர்க்கரை டப்பாவையே தங்கை வீட்டுக்கு நாடு கடத்திவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து துர்க்கா பூஜை முடிந்து விஜயா என்னும் சடங்கு நாட்கள் வந்தன. பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டு வணங்க வேண்டும். வணங்கியவருக்கு இனிப்புத் தட்டு வரும். மறுத்தால் அந்த வீட்டுக்கே அவமானம். பரேஷ் பாபு யாரையும் அவமானப்படுத்துகிறவரா? வணங்கத் தக்க பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு அருகிவருகிறார்கள் என்பதுதான் அவருடைய துயரம். மூன்றே நாளில் எண்பது வயதுக்காரர்கள் தீர்ந்தார்கள், எழுபதும் தீர்ந்தது. நான்காம் நாள் ஷிபென் பாபுவின் காலில் விழுந்தார்.

"என்னடா பரேஷ் இது! நான் உன்னைவிட மூணு மாசம் சின்னவன்டா!"

"அறிவுல நீ மூத்தவன்டா. தட்டு எங்கே?"

ஐந்தாம் நாள் டாக்டரின் தாயார் ஞாபகத்துக்கு வந்தார். டாக்டர் வீட்டில் இல்லாத வேளையாகப் பார்த்துப் போய் வணங்கினார். அம்மையார் தட்டை நீட்டினார். "பாதி போதும், அண்ணி" என்று இவர் பிட்டு வாயருகே கொண்டுபோகவும் டாக்டர் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

விஜயா நாளில் மூத்தவரைக் கண்டால் டாக்டரும் குனியத்தானே வேண்டும்? குனிந்தவர் நிமிரவில்லை.

"சித்தப்பா, கட்டெல்லாம் ஈரமா இருக்கே! செருப்பு உரசித் தோலே போயிருக்கு. வலிக்கலையா?"

"துளிகூட வலிக்கல!" என்றார் பரேஷ் பாபு, பரீட்சையில் தேறிய பையனைப் போல.

"வலிக்கணும் சித்தப்பா. வலிக்கலேங்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு."

பரேஷ் பாபுவுக்கு முதல்முறையாக உண்மையிலேயே பயம் வந்தது. கையிலிருந்த பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அப்படியே வைத்தார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அதில் ஒரு கடி குறைந்திருந்தது.

வாசகரே, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். காப்பிக்கு அரை ஸ்பூன்தான், அதுவும் நாளைக்கு நாலே தடவைதான். அது சரி, இதைப் படித்துக்கொண்டே சட்டென்று குனிந்து உங்கள் கால் விரலைப் பார்த்தீர்களே, அது எதற்கு?